ஓட்ஸ் கஞ்சி 290, சீஸ்பர்கர் 300: பத்து கலோரிதான் வித்தியாசமா?

கேள்வி (பிப்ரவரி 4, மாலை 6.15)

"அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் விற்கும் பழம் போட்ட ஓட்ஸ் கஞ்சி 290 கலோரி. அதே கடையின் சீஸ்பர்கர் 300. வித்தியாசம் வெறும் பத்து. இதற்கா எல்லோரும் ஓட்ஸ் ஓட்ஸ் என்று உயிரை விடுகிறார்கள்? பேசாமல் பர்கரையே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாமே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 4, இரவு 9.40

எண் சரிதான். ஆனால் அந்த 290 எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

என் வீட்டுத் தராசில் தினமும் 40 கிராம் ஓட்ஸ் நிறுக்கிறேன். ஆறு வருடமாக. அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஆரம்பித்த பழக்கம். 200 மில்லி டம்ளரில் பாதிக்குச் சற்று மேலே வரும். அந்த 40 கிராமில் சுமார் 150 கலோரி. புரதம் 5 கிராம், நார்ச்சத்து 4 கிராம், கொழுப்பு 3 கிராமுக்கு உள்ளே. சர்க்கரை அரை கிராம்கூடத் தேறாது. சோடியம் இல்லை என்றே சொல்லலாம்.

கடைக் கிண்ணத்தில் 290. சர்க்கரை மட்டும் 32 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம் என்றால் எட்டுத் தேக்கரண்டி. ஒருவர் காபியில் எட்டுக் கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துத் தடுப்பார். கஞ்சியில் போட்டுக் கொடுத்தால் உடம்புக்கு நல்லது என்று வாங்கிக்கொள்கிறோம். 32 கிராமுக்கு 128 கலோரி. மேலே கொஞ்சம் க்ரீம். ஆக, கிண்ணத்தில் ஏறக்குறைய பாதிதான் ஓட்ஸ். பர்கரோடு நீங்கள் ஒப்பிட்டது ஓட்ஸை இல்லை. ஓட்ஸும் சர்க்கரையும் க்ரீமும் சேர்ந்த ஒரு இனிப்பை.

பர்கர் பக்கமும் பார்க்க வேண்டும். 300 கலோரியில் புரதம் 15 கிராம், அது நல்ல கணக்கு. நார்ச்சத்து 2 கிராம். சோடியம் 700 மில்லிகிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 2000. ஒரு சின்ன பர்கரிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதோடு யாரும் வெறும் பர்கர் வாங்கிச் சாப்பிட்டுப் போவதில்லை. கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் கோலாவும் வந்துவிடும்.

கலோரி என்பது பையின் எடை மாதிரி. இரண்டு பையும் ஐந்து கிலோ என்றால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று ஆகாது.

பிப்ரவரி 5, காலை 7.05

ராத்திரி எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, 290 என்பது 2011-இல் அந்தக் கஞ்சி வந்த புதிதில் இருந்த கணக்கு. இப்போது 320 கலோரி, சர்க்கரை 31 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். சீஸ்பர்கர் அதே 300. இன்றைய கணக்கில் பர்கரைவிடக் கஞ்சிக்குத்தான் கலோரி அதிகம். கேள்வி கேட்டவருக்குச் சாதகமான தகவல் என்பதால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு, அந்தச் சர்க்கரை முழுவதும் கரண்டியால் அள்ளிப் போட்டது இல்லை. ஆப்பிள் துண்டு, உலர்திராட்சை, கிரான்பெர்ரி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆப்பிளின் சர்க்கரை ஆப்பிளோடு வந்தது. கிரான்பெர்ரி அப்படி இல்லை. இயல்பிலேயே கடும் புளிப்பு என்பதால் சர்க்கரை ஏற்றித்தான் காயவைப்பார்கள். பழுப்புச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம். கணிசமாகக் குறையும். ஆனாலும் உலர்பழத்தின் சர்க்கரை நிற்கும்.

பிப்ரவரி 5, இரவு 10.20

"ஓட்ஸ் என்றால் ஓட்ஸ்தானே, அதில் என்ன வகை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நான் அப்பாவுக்கு இரண்டு வருடம் தவறாகக் கொடுத்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் அரிசியை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஓட்ஸ் மணியை உமி நீக்கி, ஆவி காட்டுவார்கள். அதில் கொழுப்பு அதிகம், ஆவி காட்டாவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். பிறகு இரும்புக் கத்தியில் இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் ஸ்டீல் கட், நம் நொய் மாதிரி. முழு மணியை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கினால் ரோல்டு ஓட்ஸ், கெட்டி அவல் மாதிரி. அதையே மெல்லிசாக நசுக்கி, பாதி வேகவைத்துக் காயவைத்தால் இன்ஸ்டன்ட் ஓட்ஸ், நைஸ் அவல் மாதிரி. கெட்டி அவல் ஊற நேரமாகும், நைஸ் அவல் தண்ணீர் பட்டதும் குழைந்துவிடும் இல்லையா? வயிற்றுக்குள்ளும் அதேதான் நடக்கிறது.

சாப்பிட்டது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டும் எண்தான் கிளைசெமிக் இண்டெக்ஸ். 2008-இல் வந்த சர்வதேச அட்டவணையில் ரோல்டு ஓட்ஸ் கஞ்சிக்கு அது சராசரி 55. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கஞ்சி 79. வெள்ளைச் சோறு 73. அரிசியை நிறுத்திவிட்டு இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு மாறியவர்கள் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு வாங்கிக்கொண்டிருந்தது இன்ஸ்டன்ட். அதிலும் தேன் சுவை சேர்த்த சின்னப் பாக்கெட். கடையில் ஆரோக்கிய வரிசையில் இருந்தது, எடுத்துவந்தேன். அவருக்கும் பிடித்துப்போனது, இனிப்பாயிற்றே. ஒரு நாள் மாத்திரை மாற்றியதால் மருத்துவர் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேர ரத்தச் சர்க்கரைக் கணக்கு கேட்டார். குளுக்கோமீட்டரில் 212. எனக்கு நம்பிக்கை வரவில்லை, கையைக் கழுவச் சொல்லி வேறு விரலில் குத்தினேன். 208. அவர் அன்று சாப்பிட்டது "உடம்புக்கு நல்ல" அந்தக் கஞ்சி மட்டும்தான்.

அடுத்த வாரம் ரோல்டு ஓட்ஸ் 40 கிராம், உப்பு போட்டு, மோர் ஊற்றி, கூடவே ஒரு அவித்த முட்டை. 161. மாத்திரை அதே மாத்திரை, நடை அதே நடை. ஒரே ஆள், ஒரே வீட்டு மீட்டர். அதனால் இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் தேன் பாக்கெட் அன்றோடு நின்றது.

பிப்ரவரி 7, மதியம் 1.30

ஓட்ஸுக்கு என்று தனியாக என்ன சிறப்பு என்ற கேள்விக்கு.

வெந்த ஓட்ஸில் கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுபடும், கொழகொழ என்று. பலருக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. ஆனால் சரக்கு அதுதான். பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார். குடலில் பசைபோலப் பரவிச் செரிமானத்தை நிதானப்படுத்துகிறது. பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறது. கல்லீரல் புதுப் பித்தநீர் செய்ய ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். அப்படித்தான் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் இதைப் பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தது. அளவு, நாளைக்கு 3 கிராம்.

3 கிராம் வேண்டுமென்றால் உலர் ஓட்ஸ் 60 முதல் 75 கிராம் ஆகும். நான் கொடுக்கும் 40 கிராமில் 2 கிராமுக்குள்தான். காலையில் ஒரு சின்னக் கிண்ணம் குடித்தால் கொலஸ்ட்ரால் கரைந்து ஓடிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். முழு அளவு சாப்பிட்டாலும் எல்டிஎல் இறங்குவது சராசரியாக 5 சதவீத அளவில்தான். கொலஸ்ட்ரால் மாத்திரைக்குத் துணையாகும், மாற்று ஆகாது. அப்பா ஒரு முறை "ஓட்ஸ்தான் சாப்பிடுகிறேனே" என்று மாத்திரையை விட்டுவிட்டார். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் படபடப்பு வரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பர்கரில் இந்த நார் கிடையாது. பத்து கலோரிக் கணக்கில் தெரியாத வித்தியாசம் இது.

பிப்ரவரி 7, மாலை 5.50

மேலே சொன்னதோடு சேர்த்து: அம்மா முதல் சில மாதம் ஓட்ஸை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சோறு மாதிரி வடித்துவிட்டு, அடியில் நின்றதை மட்டும் அப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொழகொழப்பு போய்விடுகிறதாம். வடிநீர் கழுநீர்ப் பானைக்குப் போனது. கரையும் நார் என்றால் தண்ணீரில் கரையும் நார்தானே. அதில் ஒரு பகுதியை எதிர்வீட்டு மாடுதான் குடித்திருக்கிறது. ஓட்ஸுக்கு அளவான தண்ணீர் வைத்து, வடிக்காமல் பொங்க வேண்டும். உப்புமா உதிரியாக வர வேண்டுமென்றால் வறுத்துக்கொள்ளுங்கள், நார் எங்கும் போகாது.

பிப்ரவரி 8, காலை 8.10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "புரதத்தைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறீர்கள்" என்கிறார். நியாயம்.

டெட்ராய்ட் பக்கம் என் தம்பி இருக்கிறான். காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தால் வழியில் ஒரு கடையில் இனிப்பு ஓட்ஸ் வாங்கி ஓட்டிக்கொண்டே சாப்பிடுவான். பத்தரைக்கெல்லாம் கை நடுங்கும் பசி, அப்போது அலுவலகத்தில் இருக்கும் டோனட்டில் கை போகும் என்பான். 5 கிராம் புரதம், 32 கிராம் சர்க்கரை என்றால் அப்படித்தான் ஆகும்.

அதே கடைகளில் முட்டை வைத்த மஃபின் இருக்கிறது. 2011-இல் மெக்டொனால்ட்ஸ் முட்டை மஃபின் 300 கலோரி, புரதம் 18 கிராம், சர்க்கரை 3 கிராம். பசி தாங்குவதற்கு இனிப்பு ஓட்ஸைவிட இது மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் இரவு நான் எழுதியதைப் படித்தால் கடையில் எதை எடுத்தாலும் கேடு என்பதுபோல் இருக்கிறது. அது சரியில்லை. உப்புக்காக மட்டும் யோசிக்க வேண்டும், அந்த 2011 கணக்கில் சோடியம் 800 மில்லிகிராமைத் தாண்டியது. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வீட்டு ஓட்ஸோடு இரண்டு முட்டை சேர்த்தால்? 150-ம் 140-ம் 290 கலோரி. புரதம் 17 கிராம், நார்ச்சத்து 4 கிராம், சேர்த்த சர்க்கரை இல்லை, உப்பு நம் கையில். அதே 290-தான். இதைக் கொண்டுபோய் அந்தக் கிண்ணத்தின் பக்கத்தில் வையுங்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு 30 கிராம் வேர்க்கடலை போதும், 7 கிராம் புரதம் வந்துவிடும். கலோரி 170 ஆகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 9.00

ஸ்டார்பக்ஸ் ஓட்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே வெறும் கஞ்சி 160 கலோரி. பழுப்புச் சர்க்கரை, கொட்டைகள், உலர்பழம் மூன்றும் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். எதைப் பிரிப்பது என்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. மூன்றையும் கொட்டினால் அதுவும் 400-ஐத் தாண்டும்.

மேப்பிள் பற்றியும் ஒருவர் கேட்டார். மெக்டொனால்ட்ஸ் அந்தக் கஞ்சிக்குப் பெயரிலேயே மேப்பிள் என்று வைத்தது. ஆனால் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகு உள்ளே இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேப்பிள் பாகுதான் பலருக்குப் பிழைப்பு. அந்த மாநில வேளாண்மைத் துறை 2011-இல் கேள்வி எழுப்பியது. கடைசியில், வெர்மான்ட் கடைகளில் மட்டும் கேட்பவர்களுக்கு அசல் மேப்பிள் பாகோ மேப்பிள் சர்க்கரையோ தருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஒரு சின்ன மாநிலம் தன் மரத்தின் பெயருக்காக அத்தனை பெரிய நிறுவனத்தோடு நின்று பேசியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஊட்டச்சத்துக் கணக்கில் இதனால் பெரிய மாற்றமில்லை. அசல் மேப்பிளும் சர்க்கரைதான்.

பிப்ரவரி 11, இரவு 11.15

"அமெரிக்கக் கதை போதும், நம் ஊர் பாஸ்ட் புட்டைச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

திருச்சியில் பாஸ்ட் புட் என்றால் பர்கர் யாருக்கும் நினைவுக்கு வராது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் தள்ளுவண்டியை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்து, இரும்புச் சட்டியில் கரண்டியைத் தட்டும் சத்தம் கேட்குமே, அதுதான் பாஸ்ட் புட். முட்டை ரைஸ், சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், கோபி 65. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் 2018 மே முதல் கலோரியைப் பலகையில் எழுதியே ஆக வேண்டும். தள்ளுவண்டியில் பலகை ஏது? அதனால் இன்று மாலை நானே போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

மாஸ்டர் எனக்குப் பழக்கம். கேட்டதும் நன்றாகவே காட்டினார். சட்டி புகையும் வரை காய்ந்தது. ஒரு குழிக்கரண்டி எண்ணெய். இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, கரண்டி முனையால் கொத்தினார். ஒரு கை முட்டைக்கோஸ், அரைக் கை கேரட். மதியமே வடித்து ஆறவைத்த சோறு, தட்டில் மலையாக நிற்கும் அளவு. உப்பு, மிளகுத்தூள், வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை, சோயா சாஸ் இரண்டு சுற்று. இறக்குவதற்கு முன் சட்டியின் ஓரமாக இன்னும் கொஞ்சம் எண்ணெய், "அப்போதுதான் பளபள என்று இருக்கும்" என்றார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

வீட்டுக்கு வந்து அதே அளவுக் குழிக்கரண்டியில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 45 மில்லி. அது எண்ணெய் என்றால் 41 கிராம், சுமார் 370 கலோரி. முதல் கரண்டி மட்டும். முழுவதும் நம் தட்டுக்கு வராது, சட்டியில் கொஞ்சம் ஒட்டும். ஆனாலும் சீஸ்பர்கர் ஒன்றின் மொத்தக் கலோரியை எண்ணெய் மட்டுமே நெருங்கிவிடுகிறது. சோயா சாஸ் ஒரு மேஜைக்கரண்டியில் சோடியம் 900 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதற்கு மேல் உப்பு தனி.

பார்சல் வாங்கி வந்து தராசில் வைத்தேன், 430 கிராம். வாழை இலையை எடுத்தபோது அடித்தாளில் எண்ணெய் கண்ணாடி மாதிரி ஊறியிருந்தது, அந்தப் பக்கம் விரல் தெரிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் காலையில் வாங்கிய காய், கண் முன்னால் உடைத்த முட்டை. நாலு பேர் வேலை முடிந்து பசியோடு வந்து நிற்கிறார்கள், சூடாகப் போடுகிறார். அந்தச் சாப்பாட்டைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெயையும் உப்பையும் சோற்றின் அளவையும் பற்றித்தான் பேசுகிறேன்.

பிப்ரவரி 12, காலை 6.45

அந்த "வெள்ளைப் பொடி" அஜினோமோட்டோதான். அதை ஏதோ விஷம் மாதிரி எழுதியிருக்கிறேனா என்று ஒருவர் கேட்டார். இல்லை. சாதா உப்பில் சோடியம் 39 சதவீதம், அதில் 12 சதவீதம்தான். ஒரு சிட்டிகைக்குப் பயப்படுகிறவர்கள் அதற்கு முன்னால் விழுந்த உப்பையும் சாஸையும் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பிப்ரவரி 15, இரவு 8.30

மசாலா ஓட்ஸ் பாக்கெட் நல்லதா? நிறைய வீடுகளில் இதுதான் இப்போது இரவுச் சாப்பாடு, அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

பாக்கெட்டைத் திருப்புங்கள். பொருள்களின் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும். எது அதிகமோ அது முதலில். ஓட்ஸுக்கு அடுத்தபடியாகவே உப்போ சர்க்கரையோ மாவோ வந்துவிட்டால் யோசியுங்கள். அப்புறம் சோடியம் வரி. அது 100 கிராமுக்கா, ஒரு பாக்கெட்டுக்கா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் நான் பல முறை தப்பாகப் படித்திருக்கிறேன். ஓட்ஸில் இயல்பாகச் சோடியம் இல்லாததால், அந்த வரியில் இருப்பது பெரும்பாலும் சேர்த்த உப்பு.

அதே ருசி வீட்டில் பத்து நிமிட வேலை. கடுகு, சீரகம், இஞ்சி, வெங்காயம், தக்காளி, ஒரு பிடி பாசிப்பருப்பு, கறிவேப்பிலை. பருப்பு வெந்த பிறகு ஓட்ஸ். கடைசியில் எலுமிச்சை. பாசிப்பருப்பால் புரதமும் ஏறும். அப்பா இதை வெண்பொங்கல் என்று நினைத்துச் சாப்பிடுவார், மிளகும் நெய் ஒரு சொட்டும் இருந்தால் போதும்.

பிப்ரவரி 19, காலை 10.00

"கம்பும் கேழ்வரகும் இருக்கும் ஊரில் குளிர்நாட்டுத் தானியம் எதற்கு?" இதைக் கேட்டவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். கோபம் எனக்குப் புரிகிறது. என் பாட்டி லால்குடிப் பக்கம் வயல் வேலைக்குக் கம்பங்கூழ் குடித்துவிட்டுப் போனவர். அவர் பேரப்பிள்ளை வீட்டில் ஓட்ஸ் டப்பா வரிசையாக நிற்கிறது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் கம்பு 100 கிராமுக்குப் புரதம் 11 கிராம், நார்ச்சத்து 11.5 கிராம், இரும்பு 6.4 மில்லிகிராம். கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். ஓட்ஸில் புரதம் 13, நார்ச்சத்து 10, இரும்பு 4 சொச்சம், கால்சியம் 50 சொச்சம். ஓட்ஸ் முன்னால் நிற்பது புரதத்தில், அதுவும் கொஞ்சம்தான். மற்றதில் நம் தானியம் தோளோடு தோள் நிற்கிறது, கால்சியத்தில் தாண்டிப் போகிறது.

ஓட்ஸுக்கென்று மிஞ்சுவது அந்தக் கொழகொழ நார். அது கம்பில் அந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் பார்லியில் உண்டு. நம் வீடுகளில் சிறுநீர்க் கடுப்புக்குக் கஞ்சி வைக்க மட்டும் வாங்கும் அதே பார்லி. அமெரிக்காவில் ஓட்ஸுக்குக் கொடுத்த அனுமதியைப் பிற்பாடு பார்லிக்கும் நீட்டித்தார்கள். கஞ்சியை வடிகட்டாமல் பார்லியையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். இன்னாருக்கு இன்னது என்ற கணக்கு நம்மிடம் பழையது. எல்டிஎல் அதிகம் உள்ளவருக்கு ஓட்ஸோ பார்லியோ. வளரும் பிள்ளைக்குக் கேழ்வரகு. இந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் நாலு நாள் ஓட்ஸ், மூன்று நாள் கம்பு என்று மாற்றியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, காலை 7.20

இரும்புச் சத்துப் பற்றி எழுதியதில் ஒரு குறை. அட்டவணையில் இருக்கும் இரும்பு முழுவதும் உடம்பில் சேராது. இந்தத் தானியங்களில் எல்லாம் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பு மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால் அது குறையும். ஓட்ஸை ராத்திரி ஊறவைத்தால் குறைவது ரொம்பக் கொஞ்சம். ஆவி காட்டும்போதே அதை உடைக்கும் நொதி செத்துப்போகிறது. இரும்புக்காகச் சாப்பிடுகிறவர்கள் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பாட்டியின் புளித்த கூழுக்கு இதிலும் ஒரு படி மேல்தான் இடம்.

பிப்ரவரி 26, இரவு 9.30

தம்பி பேசினான். இங்கே எழுதியதை எல்லாம் படித்துவிட்டு அலுவலகத்தில் ஒரு டப்பா ரோல்டு ஓட்ஸ் வாங்கி வைத்திருக்கிறான். காலையில் கடையில் நிற்பதில்லை. போனதும் மைக்ரோவேவில் மூன்று நிமிடம், வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு அவித்த முட்டை. மதியம் பன்னிரண்டரை வரை டோனட் பக்கம் போகவில்லையாம். "பொங்கி வழிகிறது அக்கா, என்ன செய்ய?" என்றான். பெரிய கிண்ணமாக வை, பாதி சூட்டில் வை என்றேன்.

கேள்வி கேட்டவரும் எழுதியிருக்கிறார். பர்கரை விடவில்லை, வாரத்தில் ஒரு நாள் ஆக்கிவிட்டாராம், கோலாவை நிறுத்திவிட்டாராம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மார்ச் 2, இரவு 10.40

அப்பாவுக்கு இரண்டு வாரமாகத் தெருமுனை முட்டை ரைஸ் மேல் ஆசை. அன்று நான் பார்சல் வாங்கி வந்து நிறுத்துவிட்டு என் தட்டில் போட்டுக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 71 வயது. ஆறு வருடமாகக் கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டவர், ஒரு நாள் வாய் திறந்து கேட்கிறார். முடியாது என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

இன்று மாலை கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டரிடம் சொன்னேன்: எண்ணெய் அரைக் கரண்டி, சோறு பாதி, முட்டைக்கோஸ் இரண்டு கை, சாஸ் வேண்டாம். "பெரியவருக்கா? தனியாகவே போட்டுத் தருகிறேன்" என்று சட்டியைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தார். கடைசியில் எண்ணெய்க் கரண்டியைப் பழக்கத்தில் எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து 183. ஓட்ஸும் முட்டையும் சாப்பிடும் நாளைவிட அதிகம், தேன் பாக்கெட் நாளைவிடக் குறைவு.

அடுத்த சனிக்கிழமை சோற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து மூன்று முட்டையாகப் போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கணக்கு வந்ததும் எழுதுகிறேன்.